ஊட்டி ஹாஸ்டலுக்குப் போகும் பையனுக்கு என்ன கட்டுவது, எதை விடுவது?

தட்டோன்_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல இருந்து எழுதுறேன். மகனுக்கு 12 வயசு. ஜூன்ல ஊட்டியில ஒரு பள்ளி விடுதியில ஏழாம் வகுப்பு சேர்க்கிறோம். ரங்கூன், பாங்காக், சென்னை வரைக்கும் ஒரே டிக்கெட், ஆளுக்கு 20 கிலோ. சென்னையில இருந்து கோயம்புத்தூருக்குத் தனியா டிக்கெட் எடுத்திருக்கு. அங்கிருந்து டாக்ஸி. இந்தத் தடவை அவங்க அப்பா கூடப் போறாங்க. டிசம்பர் லீவுல இருந்து பையன் தனியா வந்து போகணும்.

பள்ளிக்கூடத்துப் பட்டியல்ல இரும்பு டிரங்குப் பெட்டி, மெத்தை, தலையணை, கம்பளி ரெண்டு, வெள்ளைச் சட்டை ஆறு, ஸ்வெட்டர் மூணுன்னு போட்டிருக்காங்க. அதோட பலாச்சாங் (உலர்ந்த இறால் வறுவல்), லப்பெட் (வறுத்த பருப்போட சாப்பிடுற ஊறவச்ச தேயிலை), நாப்பி (புளிக்கவச்ச மீன், இறால் விழுது), தனகா (முகத்துக்கு அரைச்சுப் பூசுற மரக்கட்டை) எல்லாம் சேர்த்துக் கட்டி பஜார் தராசுல நிறுத்தோம். பர்மாக் கணக்குல 24 வீசை வந்தது. கிட்டத்தட்ட 36 கிலோ. ரெண்டு பேருக்கும் சேர்த்து 40 கிலோ இருக்கே, போதும்தானே? விட்டுப்போனது ஏதாவது இருந்தா சொல்லுங்க.

மிங்கலாடோன்_அண்ணன்:

தங்கச்சி, முதல்ல அந்தக் கணக்கைத் திருத்துங்க. ஒரு வீசை ஒன்றரை கிலோ கிடையாது, 1.63 கிலோ. 100 டிக்கல் ஒரு வீசை, ஒரு டிக்கல் 16.3 கிராம். 24 வீசைன்னா 39 கிலோவைத் தாண்டும். அப்பாவோட துணிமணி இன்னும் உள்ளே போகல. ரங்கூன் கவுண்டர்லயே மாட்டிக்குவீங்க.

ரங்கூன்ல தப்பிச்சாலும் சென்னையில தப்ப முடியாது. இந்தியாவுக்குள்ள பறக்கிற எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் செக்-இன், கைப்பை 7 கிலோ. கோயம்புத்தூர் வரைக்கும் ஒரே டிக்கெட்டா இருந்தா சர்வதேச அளவே கடைசி வரை செல்லும். தனி டிக்கெட்ங்கிறதால செல்லாது. சென்னையில பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி வெளியே வந்து, உள்நாட்டு முனையத்துல மறுபடி கொடுக்கணும். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. கவுண்டர்ல கட்டினா முன்கூட்டி இணையத்துல வாங்குறதைவிடக் கூட ஆகும். அதனால 20ங்கிற எண்ணை மறந்துடுங்க. பையனுக்கு 15, அதுலயும் 11, 12 கிலோவோட நிறுத்திக்கிட்டா நல்லது. அப்பாவோட 15 கிலோ சும்மா இருக்கேன்னு நிரப்பாதீங்க. ஒரே பி.என்.ஆர்.ல இருந்தா ரெண்டு பேர் எடையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற விமானங்கள் உண்டுதான். ஆனா டிசம்பர்ல அந்தப் பையைத் தூக்கப்போறது பையன் மட்டும்.

இப்ப பெட்டி. 24 இஞ்ச் கெட்டி சூட்கேஸ் காலியாவே மூணரை முதல் நாலு கிலோ. நைலான் டஃபல் பை ஒரு கிலோ. 15 கிலோவுல மூணு கிலோவைப் பெட்டிக்கே கொடுக்கிறது வீண். டஃபலுக்குச் சக்கரம் இல்லைன்னு குறை சொல்வாங்க. 11 கிலோவைத் தோள்ல மாட்டி டிராலி வரைக்கும் 12 வயசுப் பையன் கொண்டு போயிடுவான். மழையில நனையும்ங்கிறது மட்டும் நிஜமான குறை. ரங்கூன்லயும் ஜூன் மழை, நீலகிரியிலயும் ஜூன் மழை. அதனால துணியை அடுக்குறதுக்கு முன்னாடி பைக்குள்ள தடித்த பாலித்தீன் உறை ஒண்ணை விரிச்சு, அதுக்குள்ள அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டிடுங்க.

டிரங்கு, மெத்தை, தலையணை, கம்பளி நாலையும் இங்கேயே விட்டுடுங்க. காலி டிரங்கே ஆறேழு கிலோ வரும். இதெல்லாம் கோவையிலயும் கிடைக்கும், ஊட்டியிலயும் கிடைக்கும். ஹாஸ்டல் பிள்ளைங்க உள்ள மலை ஊர்கள்ல டிரங்கு விற்காத கடைத்தெரு இருக்காது. கட்டில் அளவைப் பள்ளியில கேட்டுக்கிட்டு மெத்தையைக் கோவையிலயே வாங்கி டாக்ஸி மேல கட்டிடலாம். ஸ்வெட்டரும் அப்படியே. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில உறைபனி விழும். ரங்கூன்ல குளிர்னு சொல்லி விக்கிற ஸ்வெட்டர் அதுக்குத் தாங்காது. ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்ல கம்பளித் துணி கிடைக்கும். போகும்போது ஒரே ஒரு ஸ்வெட்டர், அதுவும் பையன் உடம்புல இருக்கட்டும். விமானத்துலயும் குளிரும். ஷூவும் கால்லயே இருக்கட்டும், ஒரு ஜோடி முக்கால் கிலோ. பைக்குள்ள செருப்பு மட்டும்.

மீதியைக் கணக்குப் போட்டுப் பாருங்க. பை 1 கிலோ. சட்டை ஆறும் 1.2. கால்சட்டை மூணு, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஜீன்ஸ் வேண்டாம், ஒண்ணே 700 கிராம், காயவும் காயாது. ராத்திரிக்கு லுங்கி ரெண்டு 600 கிராம். உள்ளாடை ஒரு கிலோ, சாக்ஸ் 300 கிராம். துண்டு ரெண்டு: டர்க்கி டவல் ஒண்ணு அரை கிலோவுக்கு மேல போகும், மெல்லிய பருத்தித் துண்டு 150 கிராம்தான். செருப்பு 300, சோப்பு சீப்பு வகை 700, நைலான் மழைக்கோட்டு 400, நோட்டு புத்தகம் ஒரு கிலோ. தின்பண்டத்துக்கு ரெண்டு கிலோ ஒதுக்கினாலும் பத்து கிலோவுக்குள்ள நிக்குது. வெள்ளைச் சட்டையை இங்கே தைக்கிறதுக்கு முன்னாடி, பள்ளித் தையல்காரர்கிட்டதான் வாங்கணுமான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க. காலர் வேற, பை வேறன்னு திருப்பி விடுற பள்ளிகள் இருக்கு.

நிறுக்கிறதுக்குப் பஜாருக்குத் தூக்கிட்டு அலைய வேண்டாம். ஆள் நிறுக்கிற மெஷின்ல நீங்க ஏறி நில்லுங்க, அப்புறம் பையோட ஏறி நில்லுங்க, கழிச்சுக்குங்க. அரை கிலோ முன்னே பின்னே இருக்கும், அதனால எப்படி இருந்தாலும் 14.5ஐத் தாண்டக் கூடாது. கொக்கியில தொங்கவிடுற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா இன்னும் சரியா வரும்.

பெகு_அடுப்படி:

துணி அண்ணன் பாடு, தின்பண்டம் என் பாடு.

முதல் வேலை, அந்த விடுதி சைவமா அசைவமான்னு கேளுங்க. சைவ விடுதின்னா பலாச்சாங் வாசல்லயே நின்னுடும், உலர்ந்த இறால் இருக்கே. தின்பண்டத்தை அறையில வைக்க விடுவாங்களா, வார்டன்கிட்ட கொடுக்கணுமான்னும் கேட்டுக்குங்க. எலி, எறும்புத் தொல்லையால அறையில வைக்கவே கூடாதுன்னு பல இடத்துல சொல்லிடுவாங்க.

நாப்பியை விட்டுடுங்க. எத்தனை உறை போட்டாலும் வாசனை வெளியே வரும். வாசனை அடிக்கிற பொருளை விமானக்காரங்க ஏத்த மறுக்கலாம். உடைஞ்சு ஒழுகிட்டா ஆறு வெள்ளைச் சட்டையும் போச்சு. நாப்பி ருசி வேணும்னா அதைப் பலாச்சாங்குல போட்டு வறுத்துடுங்க. பையனுக்கும் அது போதும்.

பலாச்சாங் பண்ணும்போது எல்லாரும் பண்ற தப்பு சூட்டோட அடைக்கிறது. உள்ளே மாட்டிக்கிட்ட ஆவி தண்ணியாகி, மொறுமொறுப்பு போய், பத்து நாள்ல பூசணம் பிடிக்கும். பூண்டு, வெங்காயம் ரெண்டையும் தனித்தனியா மெல்லிய தீயில பொன்னிறம் வர வறுத்து எடுங்க. இறாலைக் கடைசியில வறுங்க. எண்ணெயைச் சல்லடையில வடிச்சு, காகிதத்துல பரப்பி, நாலு மணி நேரம் ஆறவிடுங்க. விரலால நசுக்கினா நொறுங்கணும். ஒட்டினா இன்னும் ஈரம் இருக்கு. புளிக்கரைசலைக் குறைச்சுக்குங்க, ஈரத்துக்கு அதுவும் காரணம். ஒரு கிலோவை ஒரே டப்பாவுல போடாதீங்க. 250 கிராம் பொட்டலமா நாலு போடுங்க. ஊட்டி மழையில ஒரு தடவை திறந்த பொட்டலம் ஒரு வாரத்துல நமத்துடும். மீதி மூணும் ஒட்டின வாயோட தாங்கும்.

பொட்டலம் ஒட்டும்போது காத்தை நல்லா அழுத்தி வெளியேத்துங்க. பறக்கும்போது விமானத்துக்குள்ள காத்தழுத்தம் 2,400 மீட்டர் மலை மேல இருக்கிற அளவு வரைக்கும் குறையும். பெட்டி போகிற அடிப்பகுதியிலயும் அதே கதை. உள்ளே மாட்டின காத்து மூணுல ஒரு பங்கு வரை உப்பும், ஒட்டு பலவீனமா இருந்தா அங்கேதான் பிளக்கும். ஷாம்பு பாட்டில், தேங்காயெண்ணெய் பாட்டிலும் அப்படித்தான். முக்கால்வாசி நிரப்பி, பாட்டிலை லேசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மூடியைத் திருகுங்க. மூடிக்கு அடியில ஒரு துண்டு பாலித்தீன் வச்சுத் திருகினா ஒழுகாது. மலை ஏறுற டாக்ஸியிலயும் அதே உப்பல் வரும். அதனால ஹாஸ்டல் போய்ச் சேர்ந்ததும் முதல்ல திறக்கிற பாட்டிலைக் குளியலறையிலயே திறக்கச் சொல்லுங்க.

லப்பெட்டுல ஈர இலையைக் கைப்பையில வைக்காதீங்க. எண்ணெய் ஊறினதுனால செக்யூரிட்டியில திரவக் கணக்குல சேர்ப்பாங்க, 100 மில்லிக்கு மேல போனா எடுத்துடுவாங்க. பாங்காக்ல மாறும்போது மறுபடி ஒரு சோதனை இருக்கு, ரங்கூன்ல விட்டாங்கன்னு நம்பாதீங்க. ஈர இலை செக்-இன்ல போகட்டும், கடையில ஒட்டின பாக்கெட்டாவே. வறுத்த பருப்பு, எள்ளு, பூண்டுக் கலவை காய்ஞ்ச பொருள், அது கைப்பையில போகலாம்.

தனகா கட்டையும் அரைக்கிற கல்லும் ஆசையா இருக்கும். கல்லே ரெண்டு கிலோ வரும். கட்டை மரமாச்சே, தாவரப் பொருள்னு இந்திய சுங்கத்துல நிறுத்திக் கேட்க வாய்ப்பு இருக்கு. அழுத்தின வில்லை ரெண்டு போதும், 100 கிராம்கூட வராது. விதை, நாத்து, செடி எதுவும் வேண்டாம்.

சலவை_நம்பர்:

அண்ணன் சொன்னதுல ஒண்ணுக்கு மட்டும் மறுப்பு. உள்ளாடை ஒரு கிலோன்னா ஏழெட்டு ஜோடிதான் வரும். பத்து ஜோடியாவது வையுங்க. ஹாஸ்டல்ல சலவை வாரத்துக்கு ஒரு தடவை, சில இடத்துல ரெண்டு தடவை. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை நீலகிரி மழையில பருத்தித் துணி காய ரெண்டு மூணு நாள் எடுக்கும். சலவைக்குப் போனது திரும்பும் முன்னாடி கையில இருக்கிறது தீர்ந்துடும். சட்டை ஆறு போதும், மேல ஸ்வெட்டர்தான் தெரியும்.

எல்லாரும் கடைசி ராத்திரி அவசரமாப் பண்றது இந்த அடையாளத் துணி தைக்கிற வேலை. பள்ளியில சேர்க்கை உறுதியானதும் ஒரு சலவை எண் கொடுப்பாங்க. பேரைவிட அந்த எண்தான் முக்கியம், டோபி அதைத்தான் பார்ப்பார். சட்டைத் துணி மேல நேரா எழுதாதீங்க. ஒரு சென்டிமீட்டர் அகலப் பருத்தி நாடாவுல, துணிக்குன்னு விக்கிற அழியாத மார்க்கர்ல வரிசையா எழுதிட்டே போங்க. எழுதின பிறகு ஒரு நாள் காயவிட்டு, மேல ஒரு துணி வச்சு சூடா இஸ்திரி போடுங்க, மை ஊறிப் பிடிக்கும். அப்புறம் வெட்டி, வெட்டின முனையை உள்பக்கம் மடிச்சு, நாலு பக்கமும் தையுங்க. ரெண்டு பக்கம் மட்டும் தைச்சா சலவைக்கல்லுல அடிக்கும்போது கிழிஞ்சு தொங்கும். இஸ்திரி போட்டாலே ஒட்டிக்கும்னு விக்கிற ஸ்டிக்கர் நாடா வீட்டு வாஷிங் மெஷினுக்குச் சரி. கொதிநீர்ச் சலவையில கொஞ்ச நாள்ல உரிஞ்சு வந்துடும்.

சட்டைக்குக் காலர் உள்பக்கம், கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி உள்பக்கம். துண்டுக்கு மூலையில ஒரு வளையமாத் தைச்சா தொங்கவிடவும் உதவும். சாக்ஸுக்கு நாடா வேண்டாம், மேல் எலாஸ்டிக் இழுபடும்போது தையல் விட்டுடும். ஒரே நிற நூலால ஒவ்வொரு சாக்ஸ் விரல் நுனியிலயும் மூணு தையல் போட்டு விடுங்க. எல்லா ஜோடியும் ஒரே நிறம், ஒரே மாதிரியா இருந்தா ஒண்ணு தொலைஞ்சாலும் மீதி ஜோடி சேரும். 60 துண்டு நாடா வெட்டி வையுங்க. பத்து துண்டு தைக்காம, ஊசி நூலோட பையன் பையில இருக்கட்டும். அங்கே வாங்குற ஸ்வெட்டர், கம்பளிக்கு அது வேணும்.

தட்டோன்_அம்மா:

ரொம்ப நன்றிங்க. வீசைக் கணக்கு எனக்கு இத்தனை நாளாத் தப்பாவே இருந்திருக்கு. கைப்பை பத்தி யாரும் சொல்லலையே. பவர் பேங்க் 20,000 எம்.ஏ.எச். போட்டது ஒண்ணு இருக்கு, அது போகுமா? டிசம்பர்ல தனியா வரும்போது என்ன பண்ணணும்?

மிங்கலாடோன்_அண்ணன்:

பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், செக்-இன்ல வச்சா பையைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவாங்க. 100 வாட்-அவர் வரைக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 20,000ஐ 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 74, உங்களுது போகும். ஆனா அந்த எண் மேல தெளிவாத் தெரியணும், தேய்ஞ்சு போயிருந்தா எடுத்து வச்சுக்குவாங்க. 2025ல இருந்து ஆசிய விமானங்கள் பலதுல பவர் பேங்கை மேல் அலமாரியில வைக்கக் கூடாது, பறக்கும்போது பயன்படுத்தவும் கூடாது. அதைவிட முக்கியம், ஹாஸ்டல்ல போன் விடுவாங்களான்னு கேளுங்க. விடலைன்னா பவர் பேங்கே தேவையில்லை, 400 கிராம் மிச்சம்.

சார்ஜர் பின்னைப் பாருங்க. நம்ம ஊர்ல தட்டையான மூணு பின் பிளக்கும் ஓடுது, உருண்டைப் பின்னும் ஓடுது. இந்தியாவுல உருண்டைப் பின்தான். மின்னழுத்தம் ரெண்டு இடத்துலயும் 230 வோல்ட், அதனால பின் மட்டும் பொருந்தினாப் போதும்.

காம்பஸ், டிவைடர் உள்ள ஜியோமெட்ரி பெட்டி செக்-இன்ல போகணும், இல்லை அங்கே வாங்கணும். பள்ளிப் பிள்ளைங்க முதுகுப்பையில அதைத்தான் மறந்து வைப்பாங்க, செக்யூரிட்டியில அதைத்தான் எடுப்பாங்க. தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில், காலியா. நீலகிரி மாவட்டத்துல சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் கேரி பேக்கும் தடை. பர்லியார் சோதனைச் சாவடியில வண்டியை நிறுத்திப் பார்ப்பாங்க. வழியில வாங்குற சாமானுக்கு ரெண்டு துணிப்பை மடிச்சு வச்சுக்குங்க. வெளி வண்டிக்கு இ-பாஸ் வேணும், டாக்ஸிக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

முதுகுப்பை பையனோட எடையில பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கட்டும். 35 கிலோ பையன்னா மூணரை கிலோ. அதுல பாஸ்போர்ட், மாணவர் விசா, பள்ளிச் சேர்க்கைக் கடிதம், எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு நகல், போட்டோ எட்டு. இவை செக்-இன்ல போகவே கூடாது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசான்னா இந்தியா போன 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு பண்ணணும், பள்ளி அலுவலகம் இந்தத் தாள்களைக் கேட்கும். பெட்டி ஒரு நாள் தாமதமா வந்தாலும் சமாளிக்க ஒரு செட் துணி, சாப்பிடுற மாத்திரை இருந்தா டாக்டர் ஆங்கிலத்துல எழுதின சீட்டோட, ஒட்டின அட்டையாவே. மாத்திரையைத் தனித்தனியா உதிர்த்து டப்பாவுல போடாதீங்க, என்ன மருந்துன்னு யாருக்கும் தெரியாது.

டிசம்பருக்கு ரெண்டு விஷயம். விசா பலமுறை நுழைய அனுமதிக்குதான்னு இப்பவே பாருங்க. டிக்கெட் எடுக்கும்போது தனியா வரும் பிள்ளைகளுக்கான சேவை இருக்கிற விமானமாப் பாருங்க. 12 வயசு முடிஞ்சா பல விமானங்கள் பெரியவங்க மாதிரி ஏத்திக்கும், கேட்டா மட்டும்தான் சேவை. பாங்காக்ல மாறணும்ங்கிறதால கேட்டே வாங்குங்க. கோயம்புத்தூர்ல இருந்து ரங்கூன் வரை ஒரே டிக்கெட்டா எடுத்துட்டா பையன் சென்னையில முனையம் மாறி எடை கொடுக்கிற தொல்லை பெருமளவு குறையும். பாங்காக்ல ரெண்டு விமான நிலையம் இருக்கு. இறங்குறதும் ஏறுறதும் ஒரே இடத்துலதானான்னு டிக்கெட்ல சரிபாருங்க.

பெகு_அடுப்படி:

டிசம்பர்ல வரும்போது கம்பளியும் தடித்த ஸ்வெட்டரும் டிரங்குலயே பூட்டி இருக்கட்டும், டஃபல் பாதி காலியா வரட்டும். திரும்பிப் போகும்போது அந்தக் காலிதான் பலாச்சாங்குக்கு. ஊட்டியில இருந்து யாராவது கொப்பரைத் தேங்காய் கொடுத்துவிட்டா வாங்காதேன்னு சொல்லிடுங்க, எண்ணெய்ப் பசையால தீப்பிடிக்கும்னு இந்திய விமான நிலையத்துல செக்-இன் பெட்டியில விடமாட்டாங்க. ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கி வரச் சொல்லுங்க. எடையே இருக்காது, நொறுங்காம இருக்க டப்பா மட்டும் வேணும்.

தட்டோன்_அம்மா:

மறுபடி கட்டி நிறுத்தாச்சு. 6 வீசை 80 டிக்கல். இந்தத் தடவை சரியாப் பெருக்கினேன், 11.1 கிலோ. நாப்பியை எடுத்தாச்சு, மெத்தை இங்கேயே கிடக்கு. தலையணையை விடமாட்டேன்னு நிக்கிறான், அதனால உறையை மட்டும் மடிச்சு உள்ளே வச்சிருக்கேன். அதுலயும் சலவை நம்பர் தைக்கணும்தானே?

சலவை_நம்பர்:

ஆமாங்க. திறந்த வாய்ப் பக்கம், உள்பக்கமா.